ஜூலிக்கு வைத்த தலைதீபாவளி எண்ணெய்

மாமனார் வீட்டில் நல்ல பெயர் வாங்க, மாப்பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். எனக்கு அந்தப் புத்தி தலைதீபாவளி முடிந்த பிறகுதான் வந்தது.

திருச்சுழிப் பக்கத்தில் என் மாமனார் வீடு. அங்கே ஜூலி என்ற சடைநாய், நிறைமாதம். கரிசல் காட்டில் அலைந்து, வயிற்று முடியெல்லாம் ஒட்டுப்புல்லும் சிக்குமாக இருந்தது.

"காம்பே தெரியல. குட்டிக எப்பிடிப் பால் குடிக்கும்?" என்று மாமியார் கவலைப்பட்டார்.

"நான் பாத்துக்கிறேன் அத்தை!" (புது வேட்டியோடு!)

கால்நடை மருத்துவருக்கு போன் போட்டேன். "வயித்த அமுக்காதீங்க, தூக்காதீங்க. வழுக்காம கீழ சாக்கு விரிங்க. சிக்க இழுக்காம கத்திரிச்சு விடுங்க. அம்புட்டுதான்."

அம்புட்டோடு நிற்பவனா நான்? வீட்டில் அன்று எல்லோருக்கும் எண்ணெய்க் குளியல். எண்ணெய் விட்டால் சிக்கு வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று, கால் லிட்டர் நல்லெண்ணெயை ஜூலி மேல் ஊற்றினேன். சிக்கும் வரவில்லை, எண்ணெயும் போகவில்லை. எண்ணெயை எடுக்கக் கடலை மாவைப் போட்டேன். ஜூலி பஜ்ஜிக்குத் தயாராக நின்றாள்.

என் மனைவி ஓடி வந்தாள். "குட்டிகளுக்கு ஏதாச்சும் ஆச்சு, நான் உங்ககூட ஊருக்கே வர மாட்டேன்!"

அவள் சொன்னால் செய்வாள். ஆனாலும் விடுவதாக இல்லை. சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் மாவைக் கழுவி, துண்டால் ஒற்றி, ஒவ்வொரு சிக்காகக் கத்தரித்தேன். சாப்பிட இலை போட்டுக் கூப்பிட்டார்கள், எழவில்லை. ஜூலிக்கு மூச்சு இரைத்தது, சாக்கைப் பிறாண்டினாள். எண்ணெய் அரிக்கிறது போல என்று விசிறிவிட்டேன்.

கடைசிச் சிக்கும் போனது. ஜூலி என் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா அத்தை, என்னமா ஒட்டிக்கிட்டா!"

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஐயோ மாப்பிள்ள, அசையாதீக! அவ குட்டி போடுதா!"

மூன்று மணி நேரம் அசையவில்லை. நாலு குட்டிகள், நாலும் என் தலைதீபாவளி வேட்டியில். கண் திறக்காத அதுகள் முட்டிமோதிப் பால் குடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி ஒரு வாய் சோறு ஊட்டிவிட்டாள்.

அதிலிருந்து சொந்தத்தில் யார் பிரசவம் என்றாலும் என் பெயர் அடிபடாமல் இருக்காது. போன வருடம் என் மனைவிக்கே வலி கண்டது. அருப்புக்கோட்டைக்கு காரில் போகிறோம், வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது. எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. மாமனார் முன்சீட்டிலிருந்து நிதானமாகத் திரும்பினார்.

"எதுக்குப் பதறுதீக மாப்ள? வேட்டிதான கட்டிருக்கீக?"