கோட்டு டெய்லரின் கடத்தல் கும்பல்

விழுப்புரத்தில் ஒரு கடத்தல்காரன்கூட இல்லையே என்று மனதார வருத்தப்பட்ட ஒரே மனிதர் எங்கள் கோட்டு டெய்லர்தான். கடத்தல்காரன் இருந்தால் கோட்டுப் போடுவான். போட்டால் இவரிடம்தானே தைக்க வரவேண்டும்?

ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்தில் கடை. கோட்டுத் தைப்பதில் மனிதர் சூரர். ஆனால் எங்கள் ஊர் வெயிலில் பனியன் போடுவதே பெரிய விஷயம். ஸ்கூல் யூனிபாரம் தைத்துத் தைத்து வெறுத்துப்போனவர், கோட்டுப் போடுகிற ஆட்களைத் தாமே உண்டாக்கிவிடுவது என்று முடிவு செய்தார். எண்பதுகளின் நடுவில் டி.வி.யில் வாராவாரம் தொடர் வர ஆரம்பித்திருந்த சமயம். அதே மாதிரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேடையில் வாரம் ஒரு பாகமாக ஒரு கடத்தல் கும்பல் கதை போட்டார். கதை, வசனம், டைரக்ஷன், தையல் எல்லாம் அவரே. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான நான் கும்பலின் தலைவன். என் தோள்பட்டை அளவு பிடித்துப்போய்த்தான் சேர்த்துக்கொண்டார். நடிக்கத் தெரியுமா என்று கேட்கவே இல்லை.

ஸ்டைலில் குறை சொல்ல முடியாது. கும்பல் மொத்தமும் கோட்டு, கறுப்புக் கண்ணாடி. மேடையைக் கடக்க ஸ்லோ மோஷனில் நாலு நிமிஷம் நடப்போம். "மெதுவா தம்பி, மெதுவா. லைனிங்கு தெரியணும்" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். வியர்வை ஷூவுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

கைவசம் இருந்த தந்திரங்கள் மூன்றே மூன்று. லைட் அணையும், டுமீல் என்று கேட்கும், லைட் வந்தால் தலைவன் செத்துக் கிடப்பான். செத்தது தலைவனல்ல, அவனோடு இரட்டையாகப் பிறந்தவன் என்று பிறகு தெரியும். வைரம் கோட்டு லைனிங்குக்குள் இருக்கும். எட்டு வாரத்தில் எனக்கு எட்டு இரட்டைச் சகோதரர்கள் செத்தார்கள்.

"கொஞ்சம் மாத்தலாமேண்ணா" என்றேன்.

"நேத்து துன்ன இட்லியத்தான இன்னிக்கும் துன்னுக்கினு இருக்க? அது மட்டும் பேஜாரா இல்லியா?"

ஜனங்கள் அதற்குள் தேறிவிட்டார்கள். லைட் அணைந்ததும் அவர்களே டுமீல் என்று கத்திவிடுவார்கள். திரைக்குப் பின்னால் டுமீலுக்காக வெடிக்கிற பட்டாசுக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஒன்பதாவது பாகம் திண்டிவனத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். பார்க்க வருவது டி.வி. அதிகாரி ஒருவர். அவருக்குப் பிடித்தால் தொடர் டி.வி.யில் வரும். டெய்லருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. "ஊரு ஒலகமெல்லாம் நம்ம கோட்ட பாக்கும் தம்பி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஒரு வாரமாவது லைட்டும் அணைய வேண்டாம், ஆளும் சாக வேண்டாம் என்று நாங்கள் கெஞ்சியதற்கு, முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். தலைவன் கடைசிக் காட்சியில் சரணடைய வேண்டும்.

மத்தியான வெளிச்சம் உள்ளே வராமலிருக்க ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியிருந்தோம். விழுப்புரத்து ரசிகர்கள் ரயிலேறி வந்து மண்டபத்தை நிறைத்திருந்தார்கள். இரண்டாவது காட்சியில் நிஜமாகவே கரண்ட் போய்விட்டது. மண்டபமே ஒரே குரலில் டுமீல் என்றது. எட்டு வாரப் பழக்கம் சும்மா விடுமா, நான் விழுந்துவிட்டேன்.

கரண்ட் வந்தபோது நான் பிணம். இன்னும் மூன்று காட்சி பாக்கி, மூன்றிலும் நான் இருக்கிறேன். என்னைக் கொன்றது யார் என்று மேடையில் ஒருவருக்கும் தெரியவில்லை. இன்ஸ்பெக்டராக நடித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது தலைவன் இல்ல. அவனோட இரட்டை" என்றார். மண்டபம் உருண்டு சிரித்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் டெய்லரிடம் வந்தார். "இதையே காமெடியா எழுதிக் கொடுங்க. எடுத்துக்கறோம்."

டெய்லர் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்டினார். "கோட்டு போட்டவன பாத்து சிரிப்பாங்களா சார்?"

"அதானே காமெடி."

"அப்ப வேணாங்க சார்" என்றார்.

அதிகாரியின் கார் போன பிறகு டெய்லர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "நான் வுழுந்திருக்கக் கூடாதுண்ணா" என்றேன்.

என் தோளில் ஒட்டியிருந்த மேடைத் தூசியைத் தட்டிவிட்டார். "வுடு தம்பி. இத்தினி வாரமா கோட்டு கசங்கிடுமேன்னு பாத்துப் பாத்து வுழுந்துக்கினு இருந்த. இன்னிக்கிதான் நெஜமா செத்த. ஜோரா இருந்திச்சி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்தாவது பாகம். லைட் அணைந்தது. வேலை மாற்றலாகி ஊரை விட்டுப் போகிறவரை வாரம் தவறாமல் அவருக்காகச் செத்தேன். இன்றைக்குக் கூப்பிட்டாலும் போய் விழுவேன்.