கூரைமேல் மல்லாந்த கரப்பான்

உயிர் இருக்கும்வரை கராஜை விட்டுக்கொடுப்பதில்லை என்று வெர்னன் டகெட் சபதம் எடுத்தார். சபதம் பெரியது. வாய் நிறைய கிரேவியில் ஊறிய ரொட்டி இருந்ததால் வெளியே கேட்கவில்லை.

காரணம், காலைத் தபாலில் வந்த குடியிருப்போர் சங்கத்தின் நோட்டீஸ். தொழில் வண்டிகள் ராத்திரியில் வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. கதவு மூடிய கராஜுக்குள் நிற்கலாம், இல்லையென்றால் காலனிக்கு வெளியே எங்கேயாவது போய் நிற்கலாம். மீறினால் நாள்தோறும் அபராதம்.

அமெரிக்காவில், ஜார்ஜியாவின் அந்தக் காலனியில் தொழில் வண்டி என்று இருந்தது ஒன்றே ஒன்று, வெர்னனின் பூச்சிமருந்து வேன். பக்கவாட்டில் வெறும் விளம்பர எழுத்தாக இருந்தால் துணி போட்டு மறைத்திருப்பார். அதன் கூரைமேல் ஆள் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கரப்பான் மல்லாந்து படுத்து, ஆறு கால்களையும் வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தது. செத்த கரப்பான் என்று ஜனங்களுக்குப் புரிய வேண்டாமா?

கராஜில் வேனுக்கு இடமில்லை. அந்தக் காலனியில் எந்த வீட்டிலும் கராஜில் கார் நின்றதாகச் சரித்திரம் கிடையாது. சாமான் நிழலில் இருக்கும், கார் வெயிலில் காயும். வெர்னனின் கராஜில் இதுவரை தண்ணீரையே பார்க்காத ஒரு படகு, பீருக்கென்று தனி ஃபிரிட்ஜ், சாய்வு நாற்காலி, பழைய டிவி. ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி ரொவீனா சர்ச்சுக்குக் கிளம்பும்போது அவருக்குத் தவறாமல் முதுகு பிடித்துக்கொள்ளும். அவள் கார் தெருமுனை திரும்பியதும் விட்டுவிடும். பிறகு படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டிவியில் மற்றவர்கள் மீன் பிடிப்பதைப் பார்ப்பார். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் அவர் மனிதராக வாழ்ந்தது.

"பேசாம கராஜைக் காலி பண்ணுங்க" என்றாள் ரொவீனா.

"அது என் இடம்."

"வீடு?"

"அது உன் இடம். அதுல நான் தலையிடறேனா?"

ரொவீனா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். அங்கிருந்து வேனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்க்கும் நாட்களில் வெர்னன் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் சங்கத்தின் விதிகளை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். காலனியிலேயே அவற்றைப் படித்த முதல் ஆள் அவர்தான். நடுவில் ஓர் இடத்தில் மூளையில் பல்பு எரிந்தது. ஒரு வீட்டில் வேலை நடந்துகொண்டிருந்தால், அந்த வேலைக்கான வண்டி வேலை முடியும்வரை வாசலில் நிற்கலாம்.

அன்று சாயங்காலமே புல்வெளியில் ஒரு மஞ்சள் கொடி முளைத்தது. 'கரப்பான் ஒழிப்பு வேலை நடைபெறுகிறது.'

சங்கத் தலைவி மிஸஸ் ப்ரூவெட் நாயோடு வந்து கொடியைப் படித்தார். எப்போது முடியும் என்று கேட்டார்.

"அது கரப்பான் கையில இருக்கு மேடம்" என்றார் வெர்னன்.

விதி விதிதான். மிஸஸ் ப்ரூவெட் நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். வெர்னனுக்குத் தலைகால் புரியவில்லை. விசிலடித்தபடி சமையலறைக்குள் போனார். அடுப்பு ஜில்லென்று இருந்தது.

ரொவீனா ஒரு காகிதத்தை நீட்டினாள். வாடிக்கையாளர்களுக்கு அவரே அச்சடித்துக் கொடுக்கும் அறிவிப்பு. மருந்தடிப்பு முடியும்வரை வீட்டில் சமைக்கக் கூடாது.

"நான் இன்னும் மருந்தே அடிக்கலையே."

"அப்ப வேலை நடக்கலையா? மிஸஸ் ப்ரூவெட் தெருமுனையிலதான் நிக்கிறாங்க. கூப்பிடவா?"

வெர்னன் கராஜில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார். ரொவீனா அடுத்த தெருவில் இருக்கும் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது வறுத்த கோழி வாசனையும் கூடவே வந்தது. அதையும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். கராஜுக்காகப் பட்டினி கிடப்பது ஒரு தியாகமாகக்கூட அவருக்குத் தோன்றியது.

பொறுக்க முடியாதது வேலி ஓரமாக வந்தது. பக்கத்து வீட்டு கிளிஃப்டன், பழைய வாடிக்கையாளர்.

"ஏம்பா வெர்னன், உன் வீட்டுக் கரப்பானையே உன்னால விரட்ட முடியலையாமே?"

"அது வேறப்பா. அது சட்ட விஷயம்."

"கரப்பான் கேஸ் போட்டிருக்கா?"

கிளிஃப்டன் கெட்டவர் இல்லை. வேறொரு கம்பெனிக்கு ஏற்கெனவே போன் செய்துவிட்டதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த வாரமே இன்னும் சில வீடுகள் கைவிட்டுப் போயின. தொழிலா, கராஜா என்று வந்த பிறகு யோசிக்க ஒன்றுமில்லை. வெர்னன் கொடியைப் பிடுங்கினார்.

சனிக்கிழமை வாசலில் கராஜ் சாமான்கள் விற்பனை. மேஜை, விலைச்சீட்டு, எலுமிச்சை ஜூஸ் எல்லாம் ரொவீனா தயாராக வைத்திருந்தாள். எப்போது தயார் செய்தாள் என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை. நாற்காலியை மிஸஸ் ப்ரூவெட் வாங்கினார், நாய்க்கு. படகு கிளிஃப்டன் வண்டியின் பின்னால் தெருவைத் தாண்டியபோது வெர்னன் கையை ஆட்டி வழியனுப்பினார். அழாமல் இருக்க எலுமிச்சை ஜூஸ் குடித்தார்.

சாயங்காலம் வெறும் கராஜுக்குள் வேனை மெதுவாக விட்டார். கரப்பானின் கால்கள் கதவுக்கு மேலே உத்தரத்தில் டமாரென்று இடித்தன. டயரில் காற்றை இறக்கிப் பார்த்தார். மறுபடியும் இடித்தன.

"காலை அறுத்துடறேன்" என்றார்.

"அறுத்தா பேரீச்சம்பழ வியாபாரம்னு நினைப்பாங்க."

வெர்னன் ஸ்டியரிங்மேல் தலையை வைத்துக்கொண்டார். "முன்னாடியே அளந்து பாத்திருக்கணும்."

"நான் அளந்தேனே, நோட்டீஸ் வந்த அன்னைக்கே."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா காலி பண்ணியிருப்பீங்களா?"

வேனைப் பின்னால் எடுக்கச் சொன்னாள். அவர் எடுத்தார். அவளுடைய சின்னக் கார் உள்ளே வழுக்கிக்கொண்டு போய் நின்றது. இறங்கி, கராஜின் குளிர்ச்சியை ஒரு தரம் நன்றாக இழுத்து மூச்சுவிட்டாள்.

"அப்ப வேனை எங்கதான் நிறுத்தறது?"

"பாதிரியார்கிட்ட பேசிட்டேன். சர்ச்சுக்குப் பின்னால நிறுத்திக்கலாமாம். சும்மாவே."

நெடுநாளைக்குப் பிறகு வெர்னனின் முகம் மலர்ந்தது. மனைவி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று மனதார நினைத்தார், வாய்விட்டும் சொன்னார்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் ரொவீனா. "ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வர்றவங்க கார் நிறுத்தணும், அதனால காலையில நீங்க போய் வேனை ஓரமா எடுத்து வைக்கணுமாம். அவ்வளவு தூரம் வர்றீங்களே, உங்களுக்கு முன்வரிசையில இடம் சொல்லி வச்சிருக்கேன்."