வெள்ளை டிரெய்லரில் இருந்தவுக

இந்த முறை டிரெய்லரை நான்தான் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். முடிவை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது விண்ணப்பமாகியிருக்கும்.

2007ஆம் வருஷம், ஆடி மாதம். அல்லிநகரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பெயர் செல்லப்பாண்டி. தொழில் காயில் கட்டுவது. வியாதி மண்ரேஸ். சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுகிற பந்தய பைக் இரண்டு என்னிடம் உண்டு. இரண்டுக்கும் விளக்கு கிடையாது, நம்பர் பலகை கிடையாது, ஊருக்குள் மரியாதையும் கிடையாது. ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். ஆகவே பந்தயம் எங்கே நடந்தாலும் இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

போன வருஷம் திறந்த வண்டியில் கட்டிக்கொண்டு குமுளி மலை ஏறினேன். வழியில் மேகம் இறங்கியது. மேலே போய்ச் சேர்ந்தபோது கார்புரேட்டருக்குள் மீன் வளர்க்கலாம் போல இருந்தது. பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. வேலிக்கு வெளியே நின்று மற்றவர்களுக்குக் கைதட்டிவிட்டு வந்தேன். இந்த வருஷம் வாகமண் பக்கம் பந்தயம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சேர்க்கமாட்டார்களாம். எனக்கு இதுதான் கடைசி. ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போக, நாலு பக்கமும் மூடிய பெட்டி டிரெய்லர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

பவுனுக்கும் டிரெய்லர் வேண்டும். பவுனு என் மனைவி. அனுமந்தன்பட்டியில் அவள் அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தை அவள்தான் பார்க்கிறாள். மலைக்கு மேலே பழம் அனுப்ப அடுத்தவன் வண்டிக்குக் காத்திருந்தே பாதிப் பழம் கொழகொழத்துப் போகிறது.

ஒரு ஜீப். ஒரு டிரெய்லர். இரண்டு தேவை. இப்படிப்பட்ட நேரத்தில் எங்கள் வீட்டில் வாக்கெடுப்பு நடக்கும். மொத்தம் ஒரு ஓட்டு. அது பவுனிடம் இருக்கிறது.

உத்தமபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் ஞானதுரை அண்ணாச்சி பழைய வண்டி வாங்கி விற்கிறார். அவருடைய யார்டுக்கு இருவரும் போனோம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக்காற்று என்பது வெறும் காற்று இல்லை. அது ஓர் ஆள். மேற்கு மலையில் இருந்து இறங்கி வருவார். கதவைத் தட்டுவார். யாரும் எழுந்து போகாவிட்டால் தானே திறந்துகொண்டு உள்ளே வருவார். யார்டு முழுக்கக் காலிப் பெட்டி வண்டிகள். ஒவ்வொன்றின் வாயிலும் அவர் ஒவ்வொரு குரலில் ஊளையிட்டுக்கொண்டிருந்தார். மலைமேல் மேகம் கவிந்து, பட்டப்பகலிலேயே இடம் சாம்பல் பூசிக் கிடந்தது.

எங்களுக்குத் தோதாக இரண்டு டிரெய்லர்கள் இருந்தன.

ஒன்று வெள்ளை. ஜன்னலே இல்லை, சுற்றிலும் தகரம். இரட்டை அச்சு. பின்கதவு அப்படியே சாய்ந்து தரையைத் தொட்டு, பைக் ஏறும் பலகையாகிவிடும். ஆள் ஏறப் பக்கவாட்டில் தனியாக ஒரு சின்னக் கதவு. கயிறு கட்டத் தரையில் இரும்பு வளையங்கள். இரண்டு பைக்கும் உரசாமல் நிற்கும். தூசி வராது. திருடன் எட்டிப் பார்க்க முடியாது. இது செய்தவன் கண்டிப்பாக மண்ரேஸ்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று பச்சை. குட்டை. பக்கச் சுவரெல்லாம் காற்று போக வர சாய்வுப் பட்டைகள். பழம் மூச்சு விடும். பைக் ஒன்றுதான் ஏறும். அதுவும் ஊர்ப்புழுதி எல்லாம் பூசிக்கொண்டு வரும்.

பவுனு வெள்ளைக்குள் போனாள். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள். பிறகு பச்சைக்குள் போய், பட்டையில் கன்னத்தை வைத்தாள். காற்று முகத்தில் அடித்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகப் பார்த்தது எங்கள் கல்யாண போட்டோவில். அதிலும் அவள் பார்த்தது என்னை அல்ல, பக்கத்தில் நின்ற அவள் தங்கச்சியை.

ஓட்டு எங்கே விழும் என்று தெரிந்துவிட்டது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. எனக்குத் தோன்றும் யோசனைகளின் சரித்திரம் தெரிந்தும், அதை நான் நம்பினேன்.

தோட்டக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பிணம் ஏறிய வண்டியில் பழம் ஏற்றமாட்டார்கள். பழம் கோயிலுக்குப் போவது, கல்யாணத் தாம்பாளத்துக்குப் போவது. தெரிந்தே ஏற்றினால் அந்தத் தோட்டத்துப் பழத்தை வியாபாரி தொடமாட்டான்.

மறுநாள் கம்பி வாங்கக் கம்பம் போவதாகச் சொல்லிவிட்டு யார்டுக்குப் போனேன். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். பச்சை வண்டியின் மூலையில் நாலு பொரியைத் தூவினேன், சாவு ஊர்வலத்தில் இறைப்பதைப் போல. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு. செத்தவர் நெற்றியில் ஒட்டும் காசு மாதிரி அதில் சந்தனம் அப்பியிருந்தேன். சந்தனம் மட்டும் எடுப்பாக இல்லை என்று ஒரு துளி குங்குமமும் வைத்தேன். அந்த ஒரு துளிதான் என்னைக் கவிழ்த்தது.

அடுத்த நாள் பவுனைக் கூட்டிக்கொண்டு போனேன். காற்று முந்தின நாட்களைவிட மோசம். மேகம் யார்டின் வேலி வரைக்கும் இறங்கியிருந்தது. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. அவள் பச்சைக்குள் ஏறினாள். நான் வெளியே நின்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"இந்தாங்க, என்ன இது?"

"ஐயய்யோ! நெத்திக்காசு மாதிரில்ல இருக்கு!" குரல் நடுங்க வேண்டிய இடத்தைக் கடையிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

"பொரியும் கெடக்கு."

"பொரியுமா! அப்ப இதுல பொணம் ஏத்திருக்காக பவுனு. பழம் ஏத்த ஆகாது. எனக்கே மனசு கேக்கல. என்ன செய்ய? வெள்ளையவே எடுத்துக்குவோம்."

ஞானதுரை அண்ணாச்சி குடையோடு ஓடி வந்தார். "ஏசுவே! பொணமா? பள்ளிக்கூடத்துக்குப் பொத்தகம் ஏத்துன வண்டிம்மா இது."

"விக்கிறவுக வேற என்ன சொல்லுவாக அண்ணாச்சி?" என்றேன்.

பவுனு பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காசை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் காசைப் பார்த்தாள்.

"குங்குமம் இருக்கு" என்றாள் மெதுவாக. "அப்ப கட்டுக்கழுத்தியாப் போனவுக. புருசன் உசுரோட இருக்கும்போதே போயிட்டாக."

"போகட்டும், பாவம்."

"போகலங்க. காசு இங்கன விழுந்து கெடக்குல்ல? நெத்திக்காசு இல்லாம எப்படிப் போவாக?"

காற்று சட்டென்று நின்றது. அது நின்றதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பவுனு யார்டின் அந்தக் கோடியைப் பார்த்தாள். அங்கே வெள்ளை டிரெய்லர் பக்கக் கதவைத் திறந்தபடி நின்றது. உள்ளே கறுப்பாக இருந்தது.

"அங்கன போயி உக்காந்துட்டாக" என்றாள்.

"யாரு?"

அவள் நடந்தாள். வெள்ளை டிரெய்லருக்கு முன்னால் செருப்பைக் கழற்றினாள். வாசலில் தலையை லேசாகக் குனிந்து, சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: "தாயி, கொஞ்சம் நகந்து உக்காருங்க. இவுக உள்ள வரணும்."

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"யாருகூடப் பேசுற?"

"உள்ள இருக்குறவுககூட."

"உள்ள யாரும் இல்ல."

"சரிங்க."

"சரிங்கன்னா என்ன அர்த்தம்?"

"யாரும் இல்ல. நீங்க போயிக் காசக் குடுத்துட்டு வந்துருங்க."

"யாருமில்லாத எடத்துல யாருகிட்ட குடுக்க?"

"கைய நீட்டிக்கிட்டு நில்லுங்க. வாங்கிக்கிருவாக."

"நீயே குடேன்."

"கட்டுக்கழுத்தி காச இன்னொரு கட்டுக்கழுத்தி குடுக்கக் கூடாது. கூடவே வீட்டுக்கு வந்துருவாக. ஆம்பளதான் குடுக்கணும். அதுலயும் புருசனா இருக்குற ஆம்பள."

"கோவமா இருக்காகளோ?" இதை நான் கேட்கவில்லை. என் வாய் என்னைக் கேட்காமல் கேட்டது.

"புருசன் மேலதான் கோவம்."

"அவுக புருசன் மேலதான?"

"இருட்டுல ஆள் அடையாளமா தெரியப்போகுது?"

மறுக்கலாம். மறுத்தால் ஏன் என்று கேட்பாள். காசு பொய் என்று சொன்னால் பச்சை வண்டி அவளுக்கு. காசு மெய் என்றால் அதை நான் கொடுத்தாக வேண்டும். வாகமண்ணை நினைத்துக்கொண்டு உள்ளே ஏறினேன்.

"இன்னும் ஒரு எட்டு" என்றாள் வாசலில் இருந்து. "வலது பக்கம். அங்கனதான். உள்ளங்கைய விரிச்சு வைங்க. அசையாதீக."

கதவு மூடியது. காற்று மூடியதா, அவள் மூடினாளா, தெரியவில்லை.

அப்படி ஓர் இருட்டை நான் பார்த்ததில்லை. ஜன்னலே இல்லாததை எவ்வளவு பாராட்டியிருந்தேன்! வெளியே காற்று மறுபடி கிளம்பியது. பெட்டி முனகியது. முதலில் கேட்டது தகரத்தின் முனகல். அதற்கு அடியில் இன்னொரு முனகல் இருந்தது. அது தகரத்தினுடையதாக இல்லை. ஈரத்தரையும் பழைய துணியும் கலந்த மாதிரி ஒரு வாடை. என் உள்ளங்கையில் காசு மட்டும் கனத்தது.

நான் எனக்கே எடுத்துச் சொன்னேன். செல்லப்பாண்டி, பயப்படாதே. அப்படி ஒரு பொம்பளை செத்ததே கிடையாது. அவளைச் சாகடித்ததே நீதான், நேற்று மத்தியானம், ஒரு துளி குங்குமத்தை வைத்து.

சாகடித்தது நான்தான் என்று நினைத்ததும் எடுத்துச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

வெளியே பவுனின் குரல் தாழ்வாகக் கேட்டது. யாருக்கோ பதில் சொல்லும் குரல்.

"ஆமா தாயி... ஆமா... அவுகதான்."

அப்போது என் உள்ளங்கையை ஏதோ தொட்டது.

ஒரு விரல் நுனி. ஐஸ் மாதிரி. அவசரப்படாமல் தொட்டது. விலகியது. காசு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல மறுபடியும் தொட்டது. மூன்றாவது தடவை மணிக்கட்டைத் தொட்டு, மெள்ள முழங்கையை நோக்கி வழிந்து வந்தது.

"காசு என்னோடதுதான்!" என்று கத்தினேன். காசு எங்கேயோ விழுந்து உருண்டது. "நம்ம வீட்டுக் காசு! நான்தான் வச்சேன்! சந்தனம் நான்தான் பூசுனேன்! பொரி பெட்டிக்கடையில வாங்குனது! தொறடி பவுனு!"

கதவு திறக்கவில்லை. தகரத்துக்கு வெளியே இருந்து நிதானமாகக் கேட்டாள்.

"அப்ப பச்ச வண்டியில பொணம் ஏத்தலயா?"

"ஏத்தல!"

"பழம் ஏத்தலாமா?"

"தாராளமா ஏத்து!"

"ஏதும் தீட்டு இல்லயே?"

"கோயிலுக்கே எழுதிவை! தொற!"

"அண்ணாச்சி, கேட்டுக்கிட்டீகளா?"

"கேட்டேம்மா" என்றார் ஞானதுரை. கதவு திறந்தது. வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். பட்டையில் கன்னம் வைத்தபோது சிரித்த அதே சிரிப்பு இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. வேலை முடிந்த முகம்.

"பச்சையவே ஜீப்புல மாட்டி விட்ருங்க அண்ணாச்சி" என்றாள்.

பச்சை டிரெய்லர் பின்னால் கடகடக்க, சின்னமனூர் வரைக்கும் வந்துவிட்டோம். கை இன்னும் சில்லிட்டிருந்தது. அதை வேட்டியில் பத்துத் தடவையாவது துடைத்திருப்பேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"என் கையத் தொட்டது யாரு?"

"சாரல்."

"என்னது?"

"வெள்ள வண்டிக்குக் கூரை மடிப்புல ஓட்டை. மொத நாளே அண்ணாந்து பாத்தேன். நீங்க அச்சு, வளையம், பலகைன்னு கீழயே பாத்துக்கிட்டு இருந்தீக. அந்த ஓட்டைக்கு நேர் கீழதான் உங்கள நிறுத்துனேன்."

வண்டியை ஓரங்கட்டினேன்.

"காசு நான் வச்சதுன்னு எப்படித் தெரியும்?"

"நம்ம வீட்டு டப்பாச் சந்தனத்துல ரோசா வாசன வரும். செத்தவுகளுக்கு யாரு ரோசாச் சந்தனம் பூசுறா?" இரக்கத்தோடு சேர்த்துக்கொண்டாள்: "அந்த வெள்ள வண்டியில ஏத்தியிருந்தா இந்த வருசமும் உங்க பைக்கு நனைஞ்சிருக்கும். பச்சைக்குக் கூரை நல்லாருக்கு. ஒரு பைக்குப் போதும்ல? நீங்க ஒரு ஆளுதான?"

நியாயம்தான். ஒருவன் ஒரு பைக்கைத்தான் ஓட்ட முடியும். நான் சமாதானமானேன். ஞாயிற்றுக்கிழமை பைக்கை முதலில் ஏற்றி, முன்சுவரோடு சேர்த்து நன்றாகக் கட்டினேன். மிச்ச இடம் சும்மா போவானேன் என்று பவுனு திராட்சைப் பெட்டிகளை ஏற்றினாள். கதவு வரைக்கும் ஏற்றினாள். நானும் தூக்கிக் கொடுத்தேன்.

குமுளியில் மேகம் எங்களை விழுங்கியது. வாகமண் வரைக்கும் அது துப்பவே இல்லை. மேலே பந்தய மைதானம் எங்கே இருக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். இந்த வருஷம் பைக் ஒரு சொட்டு நனையாமல் உள்ளே நின்றது. கதவைத் திறந்தேன். பெட்டிகளை இறக்கினால்தான் பைக் இறங்கும். கீழே கணுக்கால் ஆழத்துக்குச் சேறு.

"சேத்துல வைக்காதீக" என்றாள் பவுனு. "பழம் போயிரும். வித்துட்டு இறக்கலாம்."

சொல்லி வாய் மூடவில்லை. வெண்மேகத்துக்குள்ளிருந்து கைகள் மட்டும் நீண்டன. முகம் இல்லை, உடம்பு இல்லை. வெறும் கைகள், குளிரில் வெளுத்து, உள்ளங்கை விரித்து, ஒன்றன்பின் ஒன்றாக.

பந்தயத்துக்கு விசில் அடித்தபோது, நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அரைக்கிலோ திராட்சை நிறுத்துக்கொண்டிருந்தேன்.