என்ஜினுக்குக் கெட்டிமேளம்

நல்லது செய்யப் போகிறேன் என்று வெளிக்கிடும் மனுசியை ஒரு அறைக்குள் விட்டுப் பூட்டிவிட வேண்டும். கெட்டது செய்கிறவளாவது பயந்து பயந்து செய்வாள், எங்கேயாவது ஓரிடத்தில் நின்று யோசிப்பாள். நல்லது செய்கிறவள் நிற்கவே மாட்டாள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. (புத்தகத்துக்கும் எனக்கும் அவ்வளவு கொண்டாட்டமில்லை.) என் மருமகனின் நாற்பதாவது பிறந்தநாளில், சுவிஸ் நாட்டுச் சோலோதுர்னில் ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் படித்தேன்.

மருமகன் அயர்லாந்துக்காரர். பெயர் டெக்லன். இவரைத்தான் கட்டுவேன் என்று மகள் சுகி வந்து நின்றபோது, நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள். பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தார். நான் அவித்த இடியப்பத்தைச் சம்பலோடு கையால் குழைத்துச் சாப்பிட்டு, முகமெல்லாம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓட ஓட, இன்னும் தாங்கோ என்கிற மாதிரிச் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். அதோடு நான் சுவரைவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆனால் கதைப்பதுதான் கஷ்டம். எனக்கு இங்கிலிஷ் வராது. டாவோசில் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிப் பழகிய ஜெர்மன்தான் வரும். அது அவருக்கு விளங்காது. (ஜெர்மன் பேசுகிற ஆட்களுக்கே விளங்காது.) ஆகவே சாப்பாட்டாலும் சிரிப்பாலும் காலம் தள்ளினோம்.

அவருடைய தகப்பன் 2009-ல் காலமானார். எனக்குச் சம்பந்தியார் முறை. நான் கண்ணால் கண்டதில்லை. அந்த மனுசன் ரயில் என்றால் உயிரை விடுவாராம். தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் பழைய டீசல் என்ஜின்கள் அயர்லாந்தில் ஓடிக்கொண்டிருந்தனவாம். அவற்றை ஒவ்வொன்றாக நிற்பாட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் மழைக்குள் ஸ்டேஷனில் போய் நின்று, கையடக்க வீடியோக் கமராவால் எடுத்துத் தள்ளியிருக்கிறார். செத்தபிறகு மகனுக்கு வந்த முதுசம், ஒரு பிஸ்கட் பெட்டி நிறையச் சின்னக் கசெட்டுகளும் அந்தக் கமராவும்தான். டெக்லன் கமராவை டிவியில் கொழுவித் தனிய இருந்து பார்ப்பாராம். கொஞ்சக் காலத்தில் கமரா செத்தது. பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

"இனி அப்பாவிட்டைப் போகேலாது எண்டு கவலைப்படுறாரம்மா" என்றாள் சுகி.

இந்த ஒரு வார்த்தை போதாதா? பிறந்தநாளுக்கு மாமியாரின் பரிசு என்னவென்று அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன். கசெட்டுகளைக் களவாக எடுத்து, டிவிடியில் ஏற்றி, மண்டபத்தில் பெரிய திரையில் போட்டுக் காட்டுவது. அப்போது எனக்கு அறுபது வயது. இப்போதைய முழங்காலோடு பார்த்தால் குமரி. குமரிக்குரிய புத்திதான் இருந்தது.

எங்கள் ஊர்ச் சனத்தின் கலியாணம், சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவர் ரஞ்சன். பிள்ளைகுட்டிக்காரன், கெட்டிக்காரன். தன் வீட்டுக் கெல்லருக்குள், அதாவது நிலவறைக்குள், மெஷின்களை வைத்திருந்தார். பிஸ்கட் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கசெட்டைப் போட்டார். இரண்டு பேரும் பார்த்தோம். தூரத்தில் புகை தெரிந்தது. பிறகு கெல்லரே அதிரும்படி ஒரு இரைச்சல். என்ஜின் வந்தது, போனது. பிறகு மழை.

"அன்ரி, இதிலை ஆக்களே இல்லையே. முழுக்க ரயில்."

"ரயில்தான் தம்பி. வடிவாய்ச் செய்து தாரும்."

"இரைச்சல் காதைக் கிழிக்குது. நடுவிலை ஆரோ ஒரு வயசாளி முணுமுணுக்கிறார், இருமுறார்."

நானும் கேட்டேன். இங்கிலிஷில் ஏதோ இழுத்து இழுத்துச் சொல்கிறது ஒரு குரல். ஒரு இருமல். ஒரு சின்னச் சிரிப்பு. ஆருடையது என்று யோசித்தேனா? கமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கும் வாய் இருக்கும் என்று இந்த மண்டைக்குள் ஏறவேயில்லை.

"சபையிலை போடுற வீடியோ. இருமலோடை போட்டால் சனம் என்ன நினைக்கும்? அதெல்லாத்தையும் எடுத்துப்போட்டு நல்ல நாதஸ்வரமாய்ப் போட்டுவிடும்" என்றேன்.

குரலும் இருமலும் சிரிப்பும் அந்த ஒரு வசனத்தோடு போயின.

மண்டபத்தில் லைட்டை அணைத்தார்கள். அயர்லாந்திலிருந்து டெக்லனின் அக்காவும் வந்திருந்தார். நான் காஞ்சிபுரச் சேலையோடு முன்வரிசையில் இருந்தேன். திரையில் முதலில் ஒரு குத்துவிளக்கு வந்தது. ("ஆரம்பத்துக்கு மங்களகரமாய் இருக்கட்டும் அன்ரி.") விளக்கைப் பிளந்துகொண்டு என்ஜின் வந்தது. அதன்மேல் ரோசாப்பூ மழை பொழிந்தது. என்ஜின் இதய வடிவத்துக்குள் போய் நாலாகப் பிரிந்து சுழன்றது. புத்தகத் தாள் மாதிரி ஸ்டேஷன் புரண்டது. புகை விடுகிற இடத்தில் மெதுவாக்கி, மணப்பெண் தலைகுனிந்து வருகிற மெட்டைப் போட்டிருந்தார்.

சனம் சிரித்தது. டெக்லனும் அக்காவும் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துச் சிரித்தார்கள். நான் சுற்றிவரப் பெருமையாகப் பார்த்தேன்.

அடுத்ததாக, ஒரு என்ஜின் மெல்லப் பின்னால் வந்து இன்னொரு என்ஜினோடு கொழுவப் போனது. ரஞ்சன் பழக்கதோசத்தில் அந்த இடத்தில் கெட்டிமேளம் வைத்திருந்தார். இரண்டும் முட்டியதுதான் தாமதம், மேளம் முழங்க, பூ கொட்ட, எனக்குப் பின்னால் இருந்த மனுசி அட்சதை போடக் கையைத் தூக்கிவிட்டார். பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்து இறக்கினார். மண்டபம் குலுங்கியது.

அப்போதுதான் கண்டேன், டெக்லன் சிரிப்பை நிற்பாட்டிவிட்டார். எழும்பிப் போய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்தார். ஒன்றுமில்லாததைக் கேட்கிறவர் மாதிரி நின்றார். திரும்பி வந்து சுகியின் காதில் ஏதோ சொன்னார். சுகி என்னிடம் குனிந்தாள்.

"அம்மா, உண்மையான சத்தம் எங்கை?"

"நாதஸ்வரம் கேக்குதுதானே."

"என்ஜின் சத்தம் அம்மா. இவரின்ரை அப்பான்ரை குரல். அவர் படம் எடுக்கேக்கை பின்னாலை நிண்டு கதைச்சுக்கொண்டிருப்பாராம். அதைக் கேக்கத்தான் இவர் அந்தக் கசெட்டைப் போடுறவர்."

காஞ்சிபுரத்துக்குள் நான் ஐஸ் கட்டியாகிவிட்டேன். மண்டப மூலையில் கமராவோடு நின்ற ரஞ்சனிடம் ஓடினேன். "கசெட்டுகள் எங்கை தம்பி?"

அவர் முழித்தார். "ஆர் அன்ரி வெட்டி ஒட்டாத றோ கசெட்டைத் திருப்பிக் கேக்கிறது? எங்கடை ஆக்கள் டிவிடி வாங்கினால் சரிதானே. பழைய சாமான் போடுற இடத்திலை குடுத்திட்டன். மெஷினிலை இருந்ததையும் அழிச்சாச்சு."

அவரைக் குறைசொல்ல ஏலாது. எங்களுக்குப் பூப்போட்டுப் பாட்டுப்போட்டு வருவதுதான் வீடியோ. மிச்சமெல்லாம் தேங்காய்த் தும்பு.

திங்கட்கிழமை திறந்ததும் திறக்காததுமாக அந்த இடத்துக்குப் போனோம். டெக்லன் தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து பார்த்தார். இரும்புத் தொட்டி, அடியில் மழைத்தண்ணீர். லொறி ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று அங்கே நின்ற ஆள் மரியாதையாகச் சொன்னார். ஏசியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

காரில் திரும்பினோம். வீட்டு வாசலில் கார் நின்றதும் டெக்லன் பின்சீட்டுக்குத் திரும்பி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். சுகி மொழிபெயர்த்தாள்.

"கடைசியாய்க் கேட்டது நீங்களாம் அம்மா. அப்பா என்ன சொன்னவர் எண்டு கேக்கிறார்."

இத்தனை வருசம் இந்த நாட்டில் ஒருவருக்கும் தலைகுனியாமல் இருந்தவள் நான். அன்று குனிந்தேன். அந்தப் பாசையில் எனக்கு ஒரு சொல்கூட வராதே. என்னத்தைச் சொல்ல? கண்ணை மூடி யோசித்தேன். வார்த்தையில்லாமல், அந்த இழுவையை மட்டும் வாயால் செய்து காட்டினேன். கீழே இருந்து தொடங்கி மேலே போய் வளைகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு இருமல். பிறகு அந்தச் சின்னச் சிரிப்பு.

டெக்லன் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது எனக்கு எழுபதுக்கு மேலே. பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு கிறிஸ்மஸ் நத்தாருக்கும் சாப்பாடு முடிந்ததும் தொடங்கிவிடுவார்கள்: "அம்மம்மா, அப்பப்பா மாதிரிக் கதையுங்கோ!" நான் இழுப்பேன், இருமுவேன், சிரிப்பேன். பிள்ளைகள் நிலத்தில் விழுந்து உருளுவார்கள். பெரியவன் மேசையில் கெட்டிமேளம் தட்டுவான். சொந்தக்காரருக்கெல்லாம் இந்தக் கதை பாடம்.

எனக்குத் தெரியும், நான் செய்கிற சத்தத்துக்கும் அந்த மனுசனின் குரலுக்கும் இப்போது ஒரு ஒட்டுமில்லை. வருசத்துக்கு வருசம் அது தேய்ந்து தேய்ந்து ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவியின் இருமலாகிவிட்டது. மருமகனுக்கும் அது தெரியாமலில்லை.

பிள்ளைகள் சிரித்துக் களைத்து எழும்பிப் போனபிறகு, அவர் தன் கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போடுவார்.

"இன்னொருக்கா, மாமி" என்பார், தமிழில்.