ஒட்டுக்குக் கீழே

"ஒட்டுக்குக் கீழ வர்ற துளிரெல்லாம் காட்டு ஆரஞ்சு. புளிக்கும். மேல வர்றதை மட்டும் விடுங்க" என்று சொல்லிவிட்டு நாற்றுப் பண்ணைக்காரர் போனை வைத்துவிட்டார். ஒட்டு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

கடிகாரக்காரர் அடிமரத்தின் முன் குப்புறப் படுத்தார். காற்றில் சாய்ந்த ஆரஞ்சு மரத்தை அறுத்தபின் மிஞ்சியது முழங்கால் உயரம்தான். அதைச் சுற்றி ஏழெட்டுத் துளிர்கள், எல்லாம் ஒரே மாதிரி.

அவர் நட்ட மரம். பழத்தைப் பறித்து, உரித்து, விதை நீக்கித் தட்டில் வைப்பது மனைவி. தேனாக இனிக்கும். அவள் இறந்தபின் அந்த இனிப்பாவது இருக்கும் என்று நம்பியிருந்தார்; அடுத்த காய்ப்புக்குள் மரமும் சாய்ந்துவிட்டது.

வாட்ச் பார்க்கும் லென்ஸைக் கண்ணில் மாட்டினார்.

"அப்பா, அது மரம். வாட்ச் இல்ல" என்றாள் மகள்.

"சும்மா இரும்மா. ஒட்டுப் போட்ட தழும்பு இங்கதான் எங்கயாவது இருக்கணும்."

தழும்பு தெரியட்டும் என்று ஒரு பக்கம் பட்டையைச் சுரண்டினார். அந்தப் பக்கத்துத் துளிர்கள் வாடிப்போயின. மற்ற பக்கத்தில் கீழே இருந்தவற்றை இடுக்கியால் கிள்ளினார். உச்சியில் ஒன்றுதான் நின்றது. அது காற்றில் ஆடியபோதெல்லாம் ஓடிப்போய்க் கையால் பிடித்துக்கொண்டார். குச்சி நட்டு, பழைய சுவர்க் கடிகாரத்தின் சுருள்வில்லால் இறுக்கிக் கட்டினார்.

காலையில் துளிர் அறுபட்டுத் தரையில் கிடந்தது.

"நூல் கிடைக்கலையாப்பா?"

"நூல் இளகிடும்னு பார்த்தேன்."

மண்ணையொட்டிப் புதிதாக ஒன்று தலைநீட்டியிருந்தது. ஒட்டுக்குக் கீழே என்பதில் சந்தேகமே இல்லை.

"உங்கம்மா குடுத்த பழத்தை நானே அழிச்சிட்டேன்" என்றார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மகள் வாசலில் போன பழவண்டிக்காரரைக் கூப்பிட்டாள். வழக்கமாக அந்த வண்டியைக் கண்டாலே கடிகாரக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"வேணாம்மா. நம்ம மரத்துப் பழம் தின்ன நாக்கு இது."

"ஒரு சுளைப்பா. எனக்காக."

வாங்கி வாயில் போட்டவர் மெல்லுவதை நிறுத்தினார். வண்டிக்காரரைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"இது எங்க மரத்துப் பழம். உனக்கு எப்படிய்யா கிடைச்சுது?"

வண்டிக்காரர் தயங்கினார். "அய்யா, உங்க மரத்துப் பழத்தை அம்மா பாத்திரம் தேய்க்கத்தான் வச்சுக்கிட்டாங்க, நீங்க தின்னது பூரா என் வண்டிப் பழம், தோலைப் பார்த்தா கண்டுபிடிச்சிடுவாருன்னு உரிச்சே குடுத்துட்டிருந்தாங்க."