மூன்று கண்ணுக்கும் சந்தனம்

பக்தியால் யாருக்கும் கெடுதல் வராது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் என்னை வேலைக்கு வைத்துப் பார்த்ததில்லை. நான் பக்தியால் ஒரு ரசாயன ஆலையையே நிறுத்தியவன்.

செண்டாயான் ஊரில் இருக்கும் அந்த ஆலையில் டெக்னிஷியனாகச் சேர்ந்து ஆறு மாதம். வேலை நிரந்தரம் என்ற கடிதம் அந்த மாதக் கடைசியில் வரவேண்டும். லாபு எஸ்டேட்டில் லோரி ஓட்டும் அப்பாவோ, அது வந்துவிட்டதாகவே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். (பெண் பார்க்கவும் தொடங்கியாயிற்று. அவசரம் எங்கள் குடும்ப வியாதி.)

அன்று ஆயுத பூஜை. சீனியர் செல்வமணி அண்ணன் என்னிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "டூல்ஸுக்கு மட்டும் வை தம்பி. மேனேஜர் அதுக்குத்தான் ஓகே சொன்னாரு," என்றார். நான் அத்தோடு நின்றிருக்கலாம்.

ஆனால் எங்கள் வீட்டில் அரிவாள் முதல் மிக்சி வரை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. விட்டுப்போனது கோபித்துக்கொண்டு வருஷம் முழுக்கப் பழுதாகும் என்பது அம்மாவின் பொறியியல். ரசாயனத் தொட்டிக்கு மேலே மூன்று கருவிகள் இருந்தன. தீயைக் கண்டால் ஆலையை நிறுத்துகிறவை. ராப்பகலாகக் கண் விழித்து நம்மைக் காக்கிறவற்றுக்கு ஒரு பொட்டு இல்லையா? மனசு கேட்கவில்லை. ஏணி போட்டு ஏறினேன். நெற்றி எதுவென்று தெரியவில்லை. நடுவில் கண்ணாடி வட்டம் வாகாக இருந்தது. மூன்றுக்கும் பாரபட்சமில்லாமல் அப்பினேன்.

இறங்குவதற்குள் சைரன். பம்புகள் நின்றன, வால்வுகள் மூடின. எல்லாரும் வெளியே ஓடினார்கள். நானும் ஓடினேன், கிண்ணத்தோடு.

அன்றைக்குப் பார்த்து, ராசா என்ற ஊரிலிருந்து ஓர் ஆடிட்டர் மேடம் வந்திருந்தார். ஆபத்து வந்தால் ஒரு பாதுகாப்பு அமைப்பை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நான்கு நிலைகள் உண்டு. எங்களுடையது இரண்டாம் நிலைக்குத் தேறுமா என்று பார்க்க வந்தவர். தீ இல்லை என்று உறுதியானதும் ஏணியில் ஏறி, விரலால் தொட்டு முகர்ந்தார்.

"சந்தனமா?"

"ஆமா மேடம்."

"ஒரு கண்ணு மறைஞ்சிருந்தா பிளாண்ட் ஓடியிருக்கும். ரெண்டு மறைஞ்சாதான் நிக்கும். நீங்க மூணுக்குமா வச்சீங்க?"

"ஒண்ண மட்டும் விட்டா பாவமில்லையா மேடம்?"

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அப்பா முகம்தான் வந்து நின்றது. ஊரெல்லாம் போய் அவர் என்ன சொல்லுவார்?

மேடம் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு தெரியலன்னா ஓட்டக்கூடாது, நிறுத்தணும். இது கரெக்டா நிறுத்திருச்சு. சிஸ்டத்துல தப்பே இல்ல. தப்பெல்லாம் இந்தத் தம்பிமேலதான்."

இவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதே இல்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆலை இரண்டாம் நிலையில் தேறியது. எனக்கு முதலில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாதக் கடைசியில் நிரந்தரக் கடிதமும் வந்தது. அதைப் படித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

மறுவருஷம் எனக்குக் கல்யாணம். நலங்கு வைக்க அத்தைமார்கள் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தபோது, பின்வரிசையிலிருந்து செல்வமணி அண்ணன் கத்தினார்:

"கண்ணுல படாம வைங்க லா! மாப்பிள்ள நின்னுருவாரு!"

மண்டபமே சிரித்தது. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் யாருக்கு நலங்கு வைத்தாலும், முதலில் கண்ணை இறுக மூடச் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.