நியாயத்தீர்ப்பு ஐயா கடைசி வரிசைக்கு வந்த கதை

சிங்கப்பூர்த் தமிழர்களில் யார் யார் பரலோகத்துக்குப் போவார்கள் என்பதைக் கர்த்தருக்கு முன்பே முடிவு செய்து வைத்திருந்த ஆள் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் நியாயத்தீர்ப்பு ஐயாதான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சிராங்கூன் ரோட்டில் அதைத் தெரிந்தவர் யாருமில்லை. எதிரில் ‘ஐயா’ என்போம். முதுகுக்குப் பின்னால் ‘நியாயத்தீர்ப்பு வருது’ என்று சொல்லிச் சிகரெட்டைக் கீழே போட்டு மிதிப்போம்.

ஒட்டடைக்கம்பு போல உயரம். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளை டிரில் கோட்டு. மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார், ஆனால் அதன் வழியாக யாரையும் பார்க்கமாட்டார். அதற்கு மேலாகத்தான் பார்ப்பார். அந்தப் பார்வை பட்டதும் செய்யாத தப்புகூட ஞாபகத்துக்கு வரும். வாரநாட்களில் போலீஸ் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தேவாலய வாசலில் நின்று வருகிறவர்களை உட்கார வைப்பவர். நான் அதே கோர்ட்டில் டைப்பிஸ்ட், அதே தேவாலயத்தில் பாடகர் குழு. ஆகவே என் வாழ்க்கையில் அவர் பார்வை படாத நாள் சனிக்கிழமை ஒன்றுதான்.

கோர்ட்டில் அவர் மொழிபெயர்ப்பது ஒரு தனிக் கச்சேரி. ‘பத்து வெள்ளி அபராதம்’ என்று மாஜிஸ்திரேட் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வார். நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார். குற்றவாளியின் குடிப்பழக்கம், ஊரில் பணத்துக்குக் காத்திருக்கும் மனைவி, எரிகிற நரகம், எல்லாவற்றையும் தொட்டுவிட்டுக் கடைசியில், “ஐயா பத்து வெள்ளி போட்டிருக்காரு. நானா இருந்தா இருபது போட்டிருப்பேன்” என்று முடிப்பார். தமிழில் சொல்ல இவ்வளவு நேரம் ஆகுமா என்று ஒரு மாஜிஸ்திரேட் சந்தேகப்பட்டுக் கேட்டார். மிகப் பழமையான மொழி, அதனால்தான் என்று இவர் பணிவாகப் பதில் சொன்னார்.

தேவாலயத்தில் அவரே மாஜிஸ்திரேட்டும். முன் வரிசைகள், பரலோகம் உறுதியானவர்களுக்கு. நடு வரிசைகள், பார்க்கலாம் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு. கடைசி வரிசை, வழக்கு நடந்துகொண்டிருப்பவர்களுக்கு. சினிமாக் கொட்டகை வரிசையில் நின்றபோது அவர் கண்ணில் பட்டுவிட்ட என் தம்பி, அடுத்த ஞாயிறு இரண்டு வரிசை பின்னால் போனான். ஐயாவுக்குச் சினிமாக் கொட்டகையில் என்ன வேலை என்று கேட்டதற்கு, யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனாராம். போதகரின் மனைவியையே ஒரு தடவை முதல் வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்கு இறக்கினார். தேக்கா மார்க்கெட்டில் அந்த அம்மா மீன்காரனிடம் பேரம் பேசிய விதம் கிறிஸ்தவ விதமாக இல்லையாம்.

கடைசி வரிசையில் ஜன்னலோரம் நிரந்தரமாக ஓர் ஆள் உண்டு. பெயர் ஆபிரகாம். சர்க்கார் கள்ளுக்கடையில் கள்ளு ஊற்றிக் கொடுக்கும் வேலை. குட்டையாக, உருண்டையாக, எப்போதும் சிரிக்கத் தயாராக இருக்கிற முகம். ஒரு சொட்டு குடிக்கமாட்டார். ஆனால் எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் வாசனை போகாது. முதல் நாளே வாசலில் விசாரணை நடந்தது.

“நான் குடிக்கிறதில்ல ஐயா.”

“நீ குடிக்கல. உன் சட்டை குடிச்சிருக்கு. ஜன்னலுக்குப் பக்கத்துல போய் உக்காரு.”

வேறு யாராக இருந்தாலும் அன்றோடு வேறு சபைக்குப் போயிருப்பார்கள். ஆபிரகாம் அந்தப் பதிலை ரசித்துச் சிரித்தார். கள்ளுக்கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். அடுத்த ஞாயிறு கேட்காமலே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் சபையில் திடீரென்று கூட்டம் பெருகியது. முன்பின் பார்த்திராத ஆட்கள் பின்னால் வந்து பயபக்தியோடு நிற்பார்கள். முதல் பாட்டு முடிந்ததும் போய்விடுவார்கள். பெரிய எழுப்புதல், அதாவது ஊரே பக்திக்குத் திரும்பும் காலம், வந்துவிட்டது என்று நியாயத்தீர்ப்பு ஐயா பூரித்துப்போனார். புதிய பெஞ்சுகள் வாங்கச் சொல்லிப் போதகரை நச்சரித்தார்.

உண்மை கோர்ட்டில் வெளியானது. அந்த நாளில் ஊரெல்லாம் திருட்டுத்தனமாக ‘நம்பர் எடுக்கிற’ பைத்தியம். ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிப் பந்தயம் கட்டவேண்டியது; அந்த எண் விழுந்தால் அதிர்ஷ்டம். அப்படிப் பிடிபட்ட ஒருவனிடம், உனக்கு இந்த எண் எங்கே கிடைத்தது என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவன் கள்ளமில்லாமல், வேதக்கோயில் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது, அதில் வாராவாரம் நல்ல நம்பராகப் போடுகிறார்கள் என்றான். அன்றைய ஆராதனையில் பாடப்போகும் ஞானப்பாட்டுகளின் எண்களைக் காட்டும் பலகை அது. வாராவாரம் அதில் எண்களை மாட்டுகிறவர் நம்மவரேதான். அவன் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்ல முடியாமல் அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு பலகைக்குக் கறுப்புத்துணி போர்த்தப்பட்டது. நம்பர்காரர்கள் எல்லாரையும் குடையை ஓங்கி விரட்டிய பிறகுதான் துணியை விலக்குவார். அதற்குள் ஆர்மோனியம் தொடங்கியிருக்கும். பலகையைப் பார்க்காமல் ஆளுக்கொரு பாட்டைப் புரட்டிவைத்திருப்போம். ஒரு வாரம் வலதுபக்கத்தார் கிறிஸ்துமஸ் பாட்டும் இடதுபக்கத்தார் அடக்கப் பாட்டும் பாடினார்கள். போதகர் மென்மையாகச் சொல்லிப் பார்த்தார். ஆபிரகாமும் தன் பங்குக்கு, “வந்து ஒரு பாட்டாச்சும் கேக்குறாங்க ஐயா, விடுங்க லா” என்று சிங்கப்பூர் ‘லா’ போட்டுச் சொன்னார். பாட்டுக் கேட்டே பரலோகம் போன ஆள் யாரென்று ஐயா திருப்பிக் கேட்டார்.

இதில் ஒரு சிக்கலை யாரும் கவனிக்கவில்லை. போதகர் எந்தப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது பலகையில் எண் மாட்டுகிற ஐயாவுக்கு வாரத்தின் நடுவிலேயே தெரிந்துவிடும். ஊருக்குத் தெரியாமல் அவருக்கு மட்டும். அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஞானப்பாட்டு எண் ஒன்று விழுந்துவிட்டது. சில வாரம் கழித்து இன்னொன்று. குடைக்குத் தப்பிய காய்கறிக்காரர் ஒருவர் புது ரேடியோ வாங்கி, தெருவே கேட்கும்படி வைத்தார். ஐயா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நடை மெதுவாகும். கோர்ட்டில்கூடப் பிரசங்கம் சுருங்கியது. உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம், சந்துக்குள் இருந்த ஒரு கோப்பிக் கடையின் பின்னறையில் போலீஸ் புகுந்தது. நம்பர் எடுக்க வந்தவர்கள் அகப்பட்டார்கள். அவர்கள் நடுவே வெள்ளை டிரில் கோட்டு ஒன்று நின்றது. முதலில் உள்ளே போன மாத்தா, அதாவது போலீஸ்காரர், அவருக்குச் சல்யூட் அடித்தார். கோர்ட் ஐயா நமக்கு முன்பே சோதனைக்கு வந்துவிட்டார் என்று நினைத்தாராம். ஐயா பதிலுக்குக் கையைத் தூக்கவில்லை. இன்னொரு கையில் வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையின் பாட்டு எண் எழுதிய சீட்டு இருந்தது.

மறுநாள் கோர்ட்டில் வேலை செய்தவர் யாருமில்லை. எல்லாரும் அந்த அறையில்தான். நானும் ஏதோ காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். கூண்டில் வரிசையாகத் தமிழர்கள், கடைசியில் அவர். மொழிபெயர்க்க வேறு கோர்ட்டிலிருந்து ஒரு இளைஞரை வரவழைத்திருந்தார்கள். தன் தொழிலின் பீஷ்மரே கூண்டில் நிற்பதைக் கண்டதும் அந்தப் பையன் பதறிப்போனான். குற்றச்சாட்டின் முதல் வரியிலேயே திக்கி நின்றுவிட்டான்.

அப்போது கூண்டிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. குற்றச்சாட்டை, தன்னோடு நின்றவர்களுக்குத் தமிழில், நிதானமாகச் சொன்னது. நரகம் இல்லை, மனைவி இல்லை, இருபது வெள்ளி இல்லை. மாஜிஸ்திரேட் சொன்னதை மட்டும் அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அவருடைய முறை வந்தது. மாஜிஸ்திரேட்டுக்கு அவரை நன்றாகத் தெரியும். தப்பிக்க ஒரு கதவைத் தாமாகவே திறந்துவிட்டார். இந்த ஆட்களுக்குப் புத்தி சொல்லத்தான் அங்கே போயிருந்தீர்கள், அப்படித்தானே என்று கேட்டார். ‘ஆமாம்’ என்று ஒரு சொல் போதும். வேலை தப்பும், மானம் தப்பும், சபையில் ஒரு படி மேலேகூடப் போகலாம். நம்பாதவர் ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார்.

அத்தனை வருடம் மாஜிஸ்திரேட்டுகளோடு ஆங்கிலத்திலேயே பேசிய மனிதர் தமிழில் பதில் சொன்னார்.

“இல்ல ஐயா. நம்பர் எடுக்கத்தான் போனேன். ஆசைதான்.”

மொழிபெயர்க்க வேண்டிய பையன் தலையைக் குனிந்து காகிதத்தைப் புரட்டினான். ஐயா, தான் சொன்னதைத் தானே ஆங்கிலத்தில் சொன்னார்.

அபராதத்தோடு விட்டார்கள். ஆனால் மொழிபெயர்ப்பாளர் நாற்காலி போனது. பழைய வழக்குக் கட்டுகளை அடுக்கிவைக்கும் அறைக்கு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் தாமதமாக வரவில்லை. கிறிஸ்துமஸுக்குக்கூட அப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை. வருவாரா மாட்டாரா என்பதே பேச்சு. முதல் வரிசையில் பலர் பாதி திரும்பியே உட்கார்ந்திருந்தார்கள். போதகர் மட்டும் வேதாகமத்தில் முகத்தைப் புதைத்திருந்தார்.

வந்தார். குடை இல்லை. வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் திகைத்து நின்றுவிட்டார். அந்தத் தேவாலயத்தில் அவர் உட்கார்ந்ததே கிடையாது, எப்போதும் நின்றவர். தனக்கு எந்த இடம் என்று அவருக்கே தெரியவில்லை. யாரும் நகர்ந்து இடம் தரவுமில்லை. மெல்லக் கடைசி வரிசைக்கு நடந்தார். பாடகர் குழு அதற்குப் பின்னால்தான் என்பதால் எனக்கு எல்லாம் கேட்டது.

“நான் இங்க உக்காரலாமா ஆபிரகாம்?”

“உக்காருங்க ஐயா. இங்கதான் காத்து நல்லா வரும்.”

ஆபிரகாம் நகர்ந்து ஜன்னலோர இடத்தையே கொடுத்தார். பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் விரித்துப் பிடித்தார். எல்லாப் பாட்டும் மனப்பாடமாகத் தெரிந்த ஐயாவுக்கு அன்று ஒரு வரியும் வரவில்லை. ஆபிரகாம் இருவருக்கும் சேர்த்து, எந்த ராகத்துக்கும் கட்டுப்படாத குரலில், கூரை அதிரப் பாடினார். நடுவில் ஐயா கண்ணாடியைக் கழற்றினார்.

“உன் சட்டை வாடைதான்ப்பா. கண்ணைக் கரிக்குது.”

“ஆமா ஐயா. இந்தச் சட்டை ரொம்ப மோசம் லா” என்று சொல்லிவிட்டு ஆபிரகாம் தன் கைக்குட்டையை நீட்டினார்.

அந்த ஞாயிறு போதகர் என்ன பிரசங்கித்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேறு பிரசங்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

சில மாதம் கழித்து அவரை மறுபடி வாசலுக்கு வரச்சொல்லிப் போதகர் கேட்டார். கதவின் இன்னொரு பக்கம் ஆபிரகாம் நிற்பதானால் வருகிறேன் என்றார் ஐயா. நெட்டையும் குட்டையுமாக இருவரும் நின்றார்கள். ஒரே இரவில் திருந்திவிட்டார் என்று நான் சொன்னால் அது பொய். உதட்டுச்சாயத்தைக் கண்டால் கண்ணாடிக்கு மேலே கண் தானாக ஏறும். வாய் திறக்கும். பிறகு எதிர்ப்பக்கம் ஆபிரகாமைப் பார்ப்பார். வந்ததை விழுங்கிவிட்டு, “உள்ள வாங்கம்மா” என்பார். விழுங்குவது தொண்டையில் நன்றாகத் தெரியும். பலகையின் கறுப்புத்துணி போனது. நம்பர்காரர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஒருவர் பிரசங்கம் முடியும்வரை உட்காரத் தொடங்கினார். பாட்டு எண்ணைவிட வசன எண் ராசியானது என்று அவருக்கு ஒரு கணக்கு.

ஒரு நாள் ஓர் இளம்பெண் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும் என்று வந்தாள். கேளிக்கைப் பூங்காவில் நடன அரங்கில் வேலை பார்த்தவள். குழந்தையின் தகப்பன் யாரென்று அவள் சொல்லவில்லை. முதல் வரிசைப் பெண்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். குழந்தைக்கு ஞானத்தகப்பனாக யார் நிற்கப்போகிறார் என்று போதகர் கேட்டார். அவளுக்கு ஊரில் ஒருவருமில்லை. சபையும் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலிலிருந்து டிரில் கோட்டு நடந்து வந்தது. வழியில் ஓர் அம்மா கோட்டைப் பிடித்து நிறுத்தி, இவள் எப்படிப்பட்டவள் என்று தெரியுமா ஐயா என்று கிசுகிசுத்தார்.

“தெரியும்மா. நான் எப்படிப்பட்டவன்னு கோர்ட்டுலயே எழுதி வச்சிருக்காங்க.”

குழந்தையை அவர் வாங்கிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். சாட்சிப் பொருளை மாஜிஸ்திரேட்டிடம் காட்டுவதுபோல் இரண்டு கையாலும் தூரமாக ஏந்திக்கொண்டார். அது அவர் கண்ணாடியைப் பிடுங்கிக் கீழே போட்டது. புத்தகத்தின் எழுத்து தெரியாமலே, குழந்தைக்காகச் சொல்லவேண்டிய வாக்குறுதிகளையெல்லாம் கணீரென்று சொல்லி முடித்தார். அதன்பிறகு அந்தப் பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வரும்வரை, சிராங்கூன் ரோட்டில் மாலை வேளைகளில் அவர் தோளில் அது உட்கார்ந்து போகாத நாள் குறைவு. மேலிருந்து அது எல்லாரையும் கைகாட்டி, அவர் யார், இவர் யார் என்று கேட்கும். நல்லவர், நல்லவர் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். என்னைப் பார்த்தும் அப்படியே சொன்னார். விசாரணை எதுவும் வைக்கவில்லை.

அறுபதுகள் முடிவதற்குள் அவர் காலமானார். பெட்டியின் ஒரு பக்கத்தை ஆபிரகாம் சுமந்தார், இன்னொரு பக்கத்தை நான். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அந்த வாசலில் நின்று என்னைச் சிரித்த முகத்தோடு வரவேற்று உட்கார வைத்துவிட்டார்கள். அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னும் பழகவில்லை.